ஊசி போடும் கையிலிருந்து தொடங்குங்கள்: களப்பணியாளர்களுக்கான மனக்காயப் பயிற்சி

கேள்வி இதுதான். ஒரு வட்டாரத்தின் கிராம சுகாதார செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் என நாற்பது பேர். மனக்காயம் பட்ட குழந்தைகளிடமும் அவர்கள் குடும்பத்திடமும் எப்படி நடந்துகொள்வது என்று இவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். முதல் நாள் மூளையும் மனக்காயமும், இரண்டாம் நாள் ஆலோசனைத் திறன்கள் என்று திட்டம் போட்டிருக்கிறீர்கள். இது போதுமா, எங்கே தவறும் என்று கேட்கிறீர்கள்.

போதாது. நாள் குறைவு என்பதைவிட, வரிசை தலைகீழாக இருப்பதுதான் கோளாறு. இந்த நாற்பது பேரை மனநல ஆலோசகர்களாக மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. ஏற்கெனவே செய்யும் வேலையைக் குழந்தையும் தாயும் மிரளாதபடி செய்யவும், தானாக வெளிவரும் செய்தியைப் பதறாமல் கேட்டு வாங்கிக்கொள்ளவும், சரியான ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவும் தெரிந்தால் போதும். பயிற்சி இந்த மூன்றுக்கும்தான்.

முதலில் சொல்லைச் சரிசெய்யுங்கள். அரசு மருத்துவமனைகளில் ‘ட்ராமா வார்டு’ என்றால் விபத்துப் பிரிவு. செவிலியர் காதில் அந்தச் சொல் விழுந்தால் எலும்பு முறிவும் தலைக்காயமும்தான் நினைவுக்கு வரும். பேச்சில் அதையே கொஞ்சம் அசைத்தால் ‘டிராமா பண்றா’ என்று ஆகிவிடுகிறது. வலிப்பு மாதிரி வந்து விழும் பெண்ணையும், பள்ளிக்கூடம் என்றதும் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளையையும் ஊர் அப்படித்தான் சொல்கிறது. ஆகவே ‘மனக்காயம்’ என்றே சொல்லுங்கள். ஈழத்தமிழர் வழக்கில் உள்ள ‘மனவடு’ இன்னும் கூர்மையான சொல். காயம் ஆறிய பிறகும் தழும்பு தங்கும் என்பதை அது ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறது.

வகுப்பை மூளைப் படத்தில் தொடங்காமல் புதன்கிழமை தடுப்பூசியில் தொடங்குங்கள். எல்லோருக்கும் கைவந்த வேலை அது. ‘சேட்டை பண்ணா இந்த அக்கா ஊசி போட்டுருவாங்க’ என்று பிள்ளையை மிரட்டும் தாயிடம் செவிலியர் என்ன சொல்கிறார்? பெரும்பாலும் சிரித்துவிட்டுப் போகிறார். அந்த இடத்தில், ‘அப்படிச் சொல்லாதீங்கம்மா, அப்புறம் உடம்பு சரியில்லேன்னாகூட என்கிட்ட வரமாட்டான்’ என்று சொல்லப் பழக்குங்கள். கைக்குழந்தையை மேசையில் மல்லாத்தி நாலு பேர் அமுக்கிப் பிடிப்பதை நிறுத்தி, தாயின் மடியில் நிமிர்த்தி உட்காரவைக்கச் சொல்லுங்கள். தாய்ப்பால் குடிக்கும்போதே போடலாம். ஒரே வருகையில் பல ஊசி என்றால் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போட வேண்டும். இவை உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசி வலியைக் குறைக்கச் சொல்லியிருக்கும் வழிகள்தான். கொஞ்சம் வளர்ந்த பிள்ளையிடம் ‘வலிக்காது’ என்று பொய் சொல்லக் கூடாது. ‘எறும்பு கடிச்ச மாதிரி வலிக்கும், மூணு எண்ணுறதுக்குள்ள முடிஞ்சுரும்’ என்று உண்மையைச் சொன்னால், அடுத்த முறை அந்தப் பிள்ளை உங்களை நம்பும்.

கர்ப்பிணியின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் இடமும் இதே மாதிரிதான். ‘படும்மா, சேலையை விலக்கு’ என்பதற்குப் பதில், ‘குழந்தை எப்படி இருக்குன்னு வயித்துல கை வச்சுப் பாக்கணும், பாக்கலாமா?’ என்று கேட்பதற்குக் கூடுதலாக ஐந்து விநாடி ஆகும். திரை இழுத்துவிட வேண்டும். ‘நிறுத்து’ என்றால் கையை எடுத்துவிட வேண்டும். வீட்டில் அடிபடும் பெண்ணோ, சிறுவயதில் வன்முறைக்கு ஆளானவளோ, அதை வாய்விட்டுச் சொல்லாமலே இந்த ஐந்து விநாடியால் பயன்பெறுகிறாள். வளரிளம் பெண்களின் எடையை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி உரக்கப் படிப்பது, எல்லோர் முன்னிலையிலும் மாதவிடாய் தேதி கேட்பது, இதெல்லாம் இதே கணக்கில் வரும். யாருக்கு என்ன நடந்தது என்று தெரியாமலே, எல்லோருக்கும் ஏதோ நடந்திருக்கலாம் என்ற எண்ணத்துடன் வேலை செய்வதுதான் இதன் அடிப்படை. இந்தப் பகுதிக்கு முதல் நாளில் அரை நாளை ஒதுக்குங்கள்.

உடம்பில் என்ன நடக்கிறது என்ற பாடத்துக்கு ஒரு மணி நேரம் போதும். ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்ற பழமொழியே அதில் பாதியை விளக்கிவிடும். ஆபத்தைக் கண்டால் அடிக்க வேண்டிய எச்சரிக்கை மணி, ஆபத்து போன பிறகும் அடித்துக்கொண்டே இருக்கிறது. குரல் உயர்ந்தால், கதவு தட்டினால், சாராய வாடை அடித்தால் அந்த மணி அடிக்கும். அப்போது பிள்ளை கத்தும், ஓடும், அல்லது கல்லாய்ச் சமைந்து நிற்கும். மூன்றாவதைத்தான் நாம் ‘அமைதியான பிள்ளை’ என்று பாராட்டிவிட்டுப் போகிறோம். மற்றவர்கள் தவறவிடும் பிள்ளையும் அதுதான்.

வயதுக்கு வயது அடையாளம் மாறும். மூன்று வயதுக்குள் என்றால் தூக்கம் கெடும், தாயை விட்டு நகராது, கற்ற சொல்லும் நடையும் பின்னால் போகும். நாலிலிருந்து ஆறுக்குள் என்றால் நின்றிருந்த படுக்கை நனைப்பு திரும்பிவரும், நடந்ததையே திரும்பத் திரும்ப விளையாடும். அப்பா அடிப்பது போல, வண்டி கவிழ்வது போல. பள்ளி வயதில் காரணம் பிடிபடாத வயிற்றுவலி, தலைவலி, பள்ளிக்குப் போக மறுப்பு, ‘என்னாலதான் ஆச்சு’ என்ற குற்ற உணர்வு. வளரிளம் வயதில் கோபம், தனிமை, கையைக் கீறிக்கொள்வது, வீட்டை விட்டு எப்படியாவது போய்விட வேண்டும் என்ற துடிப்பு. இந்தப் பட்டியலைக் கொடுக்கும்போதே ஓர் எச்சரிக்கையும் சேர்த்துக் கொடுங்கள்: படுக்கை நனைப்புக்குச் சிறுநீர்த் தொற்றும் காரணமாகலாம், வயிற்றுவலிக்குப் பூச்சியும் காரணமாகலாம். உடம்பை முதலில் மருத்துவர் பார்க்கட்டும். அடையாளம் ஒன்று இருந்தாலே ‘இங்க ஏதோ நடந்திருக்கு’ என்று முடிவுகட்டும் பழக்கம், பயிற்சி முடித்த முதல் மாதத்தில் தவறாமல் வரும்.

குடும்பங்கள் இதை ‘பயந்திருக்கு’ என்றுதான் சொல்லும். மந்திரிக்கக் கூட்டிப்போகும், கயிறு கட்டும், வேப்பிலை அடிக்கும். வகுப்பில் இதைக் கேலி செய்யும் பயிற்றுநர் அங்கேயே பாதிப் பேரை இழந்துவிடுவார். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பலர் தம் பிள்ளைக்கும் கயிறு கட்டியவர்கள். பிள்ளை பயந்திருக்கிறது என்று குடும்பம் ஒப்புக்கொண்டதே நமக்குச் சாதகம். ‘கயிறு கட்டுங்க, கூடவே இதையும் செய்யுங்க’ என்று சேர்த்துச் சொல்லலாம். சூடு வைப்பது, அடிப்பது, பட்டினி போடுவது, கட்டிவைப்பது என்று போனால் மட்டும் அங்கே உறுதியாகக் குறுக்கிட வேண்டும்.

இனி பயிற்சியின் நடுநாயகமான பகுதி: கிளறக் கூடாது. ‘மனசுல இருக்கிறதையெல்லாம் கொட்டிட்டா பாரம் குறையும்’ என்று நல்லெண்ணத்தோடு நம்புகிறவர்கள்தான் இதில் அதிகம் தவறு செய்கிறார்கள். சம்பவம் நடந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் விவரிக்க வைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. 2011இல் அது வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்றே சொல்லில் நிற்கிறது: பார், கேள், இணை. ஆபத்து இருக்கிறதா, யாருக்கு அவசர உதவி வேண்டும் என்று பார்ப்பது. சொல்ல வந்ததை மட்டும் கேட்பது. சோறு, தங்குமிடம், உறவினர், மருத்துவர் என்று தேவையானவற்றோடு இணைப்பது. பெரும்பாலான பிள்ளைகள், பாதுகாப்பும் பழைய தினசரி ஒழுங்கும் திரும்பினால், சில வாரங்களில் தாமாகவே தேறிவிடுவார்கள். ஒரு மாதம் கடந்தும் தூக்கம், சாப்பாடு, விளையாட்டு, பள்ளி ஆகியவற்றில் ஏதாவது திரும்பவில்லை என்றால் மாவட்ட மனநலத் திட்டக் குழுவிடம் அனுப்ப வேண்டும். சாவதைப் பற்றிப் பேசினால் மாதக் கணக்குக் கிடையாது. அன்றைக்கே அனுப்ப வேண்டும், அதுவரை பிள்ளையைத் தனியே விடக் கூடாது.

கேள்வித்தாள் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஃபெலிட்டியும் ஆண்டாவும் 1998இல் வெளியிட்ட ஆய்வு, சிறுவயதுத் துன்பங்களுக்கும் வளர்ந்த பின் வரும் நோய்களுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. அதன் கேள்விகளைத் தமிழாக்கி, துன்பம் ஒன்றுக்கு ஒரு மதிப்பெண் என்று வீடுவீடாகப் போடலாம் என்ற யோசனை அடிக்கடி வருகிறது. வேண்டாம். அது மக்கள்தொகை அளவில் உண்மை சொல்லும் கருவி. நாலு மதிப்பெண் வாங்கிய இந்தப் பிள்ளைக்கு நாளை என்ன ஆகும் என்று அதனால் சொல்ல முடியாது. ‘உன்னை யாராவது அடிக்கிறாங்களா?’ என்று திண்ணையில் வைத்துக் கேட்டால், அடிப்பவர் உள்ளேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். செவிலியர் போன பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும்?

பேச்சுமொழிப் பயிற்சிக்கு ஒரு முழு அமர்வு. ‘ஒண்ணுமில்ல, அழாத’, ‘எல்லாம் சரியாயிடும்’, ‘நீ ஏன் அப்பவே சொல்லல?’, ‘உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேரு’, ‘விதி’ ஆகிய ஐந்தையும் பலகையில் எழுதி அடித்துவிடுங்கள். அவற்றின் இடத்தில், ‘பயமா இருந்துச்சா? நான் இங்கதான் இருக்கேன்’, ‘நீ சொன்னது நல்லது’, ‘இதுல உன் தப்பு எதுவும் இல்ல’. சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கவும் வேண்டும். பத்து விநாடி மௌனத்தைத் தாங்குவது பயிற்சி பெறுபவர்களுக்கு மிகக் கடினமாக இருக்கும். கடிகாரம் வைத்துப் பழக்குங்கள். மிரண்டுபோன பிள்ளையைத் தணிக்க, சூடான பாலை ஊதுவது போல ஐந்து முறை மெதுவாக ஊதச் சொல்லலாம், பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்லலாம். கண்ணை மூடச் சொல்லாதீர்கள். மூடினால் சிலருக்கு நடந்தது கண்முன் வரும்.

ஒரு வாக்குறுதியை மட்டும் எந்தச் சூழலிலும் கொடுக்கக் கூடாது: ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.’ குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தால் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆகவே, ‘உன்னைக் காப்பாத்த யாருகிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்வேன், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்’ என்பதுதான் வாக்கியம். குழந்தை உதவி எண் 1098க்கு அழைப்பது உதவி வரச் செய்யும். ஆனால் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது காவல்துறையை என்பதையும் சொல்லிக்கொடுங்கள். நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர் மீது சிவில், குற்றவியல் வழக்கு எதுவும் வராது என்பதும் அதே 19ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அதே ஊரில், அதே தெருவில் குடியிருக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கு இந்த ஒரு வரிதான் தைரியம். ஊர்ப்பகையிலிருந்து சட்ட வரி மட்டும் காப்பாற்றாது என்பதால், தகவலை அவர் தனியாகச் சுமக்காமல் மருத்துவ அலுவலரும் கூட நிற்கும்படி முன்கூட்டியே பேசி வையுங்கள்.

சொன்ன பிள்ளையிடம் விசாரணை நடத்துவது பணியாளரின் வேலை இல்லை. எத்தனை தடவை, எங்கே, எப்படி என்ற கேள்விகள் வேண்டாம். அவை பிள்ளையையும் புண்படுத்தும், வழக்கையும் கெடுக்கும். தெரிய வேண்டியவை இரண்டுதான்: இன்றிரவு இந்தப் பிள்ளை எங்கே பாதுகாப்பாக இருக்கும், உடம்பில் காயம் இருக்கிறதா. நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் ஒவ்வொரு மணியும் முக்கியம், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை அதற்குள் தொடங்க வேண்டும், அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சிகிச்சைக்கு எஃப்.ஐ.ஆர். தேவையில்லை. குளிக்காமல், உடுத்திய துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்துவருவது நல்லது. குளித்துவிட்டிருந்தால் திட்டாமல் அப்படியே கூட்டிவர வேண்டும். குடும்பம் காவல் நிலையம் என்றதும் பின்வாங்கும். வாக்குமூலம் வீட்டிலேயே அல்லது பிள்ளை விரும்பும் இடத்தில் வாங்கலாம், வரும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது, பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது என்று 24ஆம் பிரிவு சொல்வதைப் பணியாளர் மனப்பாடமாக வைத்திருந்தால், அந்தப் பயம் பாதி இறங்கும்.

பதினெட்டு வயது ஆகாத கர்ப்பிணிகள்தான் சிக்கலான இடம். பதிவு செய்யப்போனால் வழக்கு வரும் என்று பயந்து, ஆறு, ஏழு மாதம்வரை மறைந்திருந்துவிட்டு வருவார்கள். அந்தப் பெண்ணை எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்கும் ஒரு நிமிடம், அவளைப் போலி மருத்துவரிடம் அனுப்பிவிடும். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளது பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போக்சோ தகவலில் மருத்துவர் அவளது பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை என்றது. இது மருத்துவருக்கான வழி; களப்பணியாளரின் வேலை, அவள் அந்த மருத்துவர் வரை வந்து சேரும்படி பார்த்துக்கொள்வது.

வகுப்புக்கு மூன்று வாரம் முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு ஏ4 தாளில் எண்களைத் தயாரியுங்கள்: 1098, பெண்களுக்கான 181, மனநலத்துக்கு டெலிமானஸ் 14416, அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸ் 108. அதன்கீழ் மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகு, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், மாவட்ட மனநலக் குழு உங்கள் வட்டாரத்துக்கு வரும் கிழமை, நேரம். உள்ளூர் எண் ஒவ்வொன்றுக்கும் நீங்களே போன் போட்டுப் பாருங்கள். எடுக்காத எண்ணைத் தாளில் போடாதீர்கள். இணைக்க இடமில்லாமல் ‘இணை’ என்று கற்றுக்கொடுப்பது, கிணற்றில் இறக்கிவிட்டுக் கயிற்றை மறந்தது போல. வகுப்பின் இரண்டாம் நாள், குழந்தைப் பாதுகாப்பு அலுவலரும் மனநல சமூகப் பணியாளரும் நேரில் வந்து அரை மணி நேரம் பேசட்டும். முகம் தெரிந்தவரிடம்தான் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் போட மனம் வரும்.

பதிவேடும் கைப்பேசியும் பலர் மறக்கும் இடம். வீடு பார்த்ததற்கு ஆதாரமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் வழக்கம் பரவிவிட்டது. ஐம்பது பேர் உள்ள குழுவில் ஒரு பிள்ளையின் முகமும் வீட்டு வாசலும் போனால் அதைத் திரும்பப் பெற முடியாது. இந்த மாதிரி வருகைக்குப் படம் வேண்டாம் என்று வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். மேசைமேல் கிடக்கும் வருகைப் பதிவேட்டில் ‘தொடர் பார்வை’ என்று மட்டும் இருக்கட்டும். விவரம் பூட்டிய அலமாரியில்.

இனி நாள் கணக்கு. நாற்பது பேரை இருபது இருபதாகப் பிரியுங்கள், ஒவ்வொரு வகுப்புக்கும் பயிற்றுநர் இருவர், அதில் ஒருவர் களத்தில் வேலை பார்த்த செவிலியர். இரண்டு நாள் வகுப்பு, மூன்று வாரம் களத்தில், பிறகு ஒரு நாள். பத்து மணி முதல் நாலு மணி வரை. அதற்கு மேல் இழுத்தால் எல்லோரும் பஸ்ஸைத்தான் நினைப்பார்கள். நேரத்தில் பாதிக்கு மேல் நடித்துப் பழகுவதாக இருக்க வேண்டும். ஆனால் வன்முறைக்கு ஆளான பிள்ளையாக யாரையும் நடிக்க வைக்காதீர்கள். ஒரு பொம்மையை நாற்காலியில் உட்காரவையுங்கள், பிள்ளை சொல்வதைப் பயிற்றுநர் படிக்கட்டும். அறையில் இருக்கும் பெண்களில் சிலருக்குச் சொந்த வீட்டிலேயே இது நடந்துகொண்டிருக்கும். ‘சொந்தக் கதை சொல்ல வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து வெளியே போகலாம், காரணம் கேட்கமாட்டோம்’ என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அப்படிப் போகிறவர் பின்னாலேயே இரண்டாவது பயிற்றுநர் போக வேண்டும். இருவர் தேவை என்றது அதற்காகவும்தான். கொடூரமான காணொளிகள், உண்மை வழக்குகளின் விவரங்கள் எதுவும் வேண்டாம்.

மூன்று நாளோடு நிறுத்தினால் மூன்று மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். பாகிஸ்தானில் ராவல்பிண்டிப் பகுதியின் கிராமங்களில், நம் கிராம சுகாதார செவிலியர் போன்ற பெண் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு தாய்மாரின் மனச்சோர்வுக்கு உதவிய ஆய்வு 2008இல் வெளியானது. பிரசவமாகி ஆறு மாதத்தில், உதவி பெற்ற தாய்மாரில் 23 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 53 சதவீதம் பேருக்கும் மனச்சோர்வு இருந்தது. அங்கே வகுப்பறை நாட்கள் சொற்பம். பலம், வழக்கமான வீட்டு வருகைக்குள்ளேயே அதைச் செருகியதிலும் மாதாமாதம் நடந்த மேற்பார்வையிலும் இருந்தது. உங்களுக்கும் பிரசவத்துக்குப் பின் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள் வருகைகள் இருக்கின்றன. புதிய வருகை எதையும் உருவாக்காதீர்கள். மாதம் ஒருமுறை எட்டுப் பேர், பத்துப் பேர் சேர்ந்து இரண்டு மணி நேரம், பெயர் சொல்லாமல் இரண்டு நிகழ்வுகள். நடத்துபவர் இலக்குக் கேட்கும் பகுதி சுகாதார செவிலியராக இருக்கக் கூடாது. ‘நான் தப்பா பேசிட்டேன்’ என்று தன்னை மதிப்பிடும் மேலதிகாரியிடம் எவரும் சொல்லமாட்டார்கள். மாவட்ட மனநலக் குழுவின் உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஆறு மாதத்துக்கு வர ஒப்புக்கொண்ட பிறகு வகுப்புத் தேதியைக் குறியுங்கள்.

பயன் இருந்ததா என்று பார்க்க, வகுப்புக்கு முன்னும் பின்னும் வைக்கும் சரி-தவறுத் தேர்வு உதவாது. எல்லோரும் எண்பது வாங்குவார்கள். மூன்று மாதம் கழித்து ஐந்து பேரின் தடுப்பூசி அமர்வில் ஓரமாக நின்று பாருங்கள்: அனுமதி கேட்டாரா, மிரட்டலைத் திருத்தினாரா, திரை இழுத்தாரா, தாழ்ந்த குரலில் பேசினாரா. இணைத்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் போய்ச் சேர்ந்தார்கள் என்று எண்ணுங்கள். ‘மாதம் இத்தனை பிள்ளைகளைக் கண்டுபிடி’ என்று இலக்கு வைத்துவிடாதீர்கள். வைத்தால் அடுத்த மாதமே திண்ணையில் கேள்வித்தாள் வந்துவிடும்.